மடகாஸ்கர் பக்கம் வீசும் காற்று

காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங் பழகியவர்களிடம் மொரிஷியஸ் போய் வந்தேன் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "ஒன் ஐ-யில் ஏறினாயா?" தீவின் தென்மேற்கு மூலையில், லெ மோர்ன் மலைக்கு எதிரே, பவளப் பாரின் வெளி விளிம்பில் உடையும் அலைக்கு அந்தப் பெயர். மலையின் பாறைமுகத்தில் ஒரு துளை உண்டு. அலையைப் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தால் அது ஒற்றைக் கண்ணாகத் தெரியும். பெயர் வந்தது அப்படித்தான்.

பாருக்கு உள்ளே இருக்கும் கடல் சாது. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகள்கூடப் பழகுகிறார்கள். பாரைத் தாண்டினால் கதையே வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடலிலிருந்து கிளம்பி வரும் பேரலை, ஆழத்திலிருந்து நேராக முருகைக்கல் மேட்டில் ஏறி, இடப்பக்கமாக வேகமாகச் சுருண்டு உடைகிறது. கீழே தண்ணீர் குறைவு, கல் கூர்மை. அதைவிடப் பெரிய ஆபத்து காற்று. தென்கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று மலையைச் சுற்றி வளையும்போது இன்னும் வலுக்கிறது; கரையை விட்டு வெளிக்கடல் பக்கமாகச் சாய்ந்து வீசுகிறது. நான் பாம்பன்காரன். எங்கள் தெற்குக் கரையில் கச்சான் காற்று அடிக்கும்போது காற்றாடி விழுந்தால், காற்றே ஆளைக் கரைக்குத் தள்ளிவிடும். ஒன் ஐ-யில் கயிறு அறுந்தால் எதிரே கரை கிடையாது. அதனால்தான் கைதேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்களை அங்கே விடமாட்டார்கள்.

இந்த விளையாட்டுக்கு வயது குறைவு. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த லெகெனூ சகோதரர்கள், காற்றடைத்த குழாய்களை எலும்பாகக் கொண்ட காற்றாடிக்கு 1984-இல் காப்புரிமை கேட்டார்கள். தண்ணீரில் விழுந்தாலும் திரும்ப எழும்புகிற காற்றாடி அது. 1990-களின் பிற்பகுதியில் அது கடைக்கு வந்த பிறகுதான் உலகம் முழுக்க ஆட்கள் காற்று தேடி அலைய ஆரம்பித்தார்கள். லெ மோர்ன் காற்றையும் தேடி வந்தார்கள்.

ஆனால் அந்தக் காற்றை அவர்களுக்கு முன்பே நம்பியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டச்சுக்காரர்கள் பெயர் வைத்து, 1710-இல் கைவிட்டுப் போன தீவை 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டினார். அதற்குப் புதுச்சேரியிலிருந்து நம் கொத்தர்களையும் தச்சர்களையும் கப்பலேற்றினார். இந்த வரலாற்றை மொரிஷியஸ் தமிழர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். கூடவே சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அதே நூற்றாண்டில் நம் கரையிலிருந்து விலைக்கு வாங்கி அடிமையாகக் கொண்டுபோனவர்களும் உண்டு. பெரும்பகுதி அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் வந்தார்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்கள் பட்ட பாடு குறைந்துவிடாது.

அடிமைகளுக்கென்றே 1723-இல் ஒரு சட்டம் எழுதினார்கள். ஒரு மாதம் ஓடி ஒளிந்தவன் பிடிபட்டால் காதை அறுத்துத் தோளில் சூடு போடு. இரண்டாம் முறை ஓடினால் பின்னங்கால் நரம்பை வெட்டு. மூன்றாம் முறைக்கு மரணம். இது தெரிந்தும் ஓடினார்கள். தீவு சின்னது, ஓடினால் போய்ச் சேர இடம் குறைவு. அந்தக் குறைந்த இடங்களில் ஒன்று லெ மோர்ன். 556 மீட்டர் உயரம், செங்குத்தான பாறை, மூன்று பக்கமும் கடல். குகைகளிலும் உச்சியிலும் சிறு குடியிருப்புகள் போட்டார்கள். ஓடி ஒளிந்தவர்கள் ஏராளம் என்பதால் இந்தத் தீவுக்கே 'தப்பியோடியவர்களின் குடியரசு' என்று ஒரு பெயர் இருந்தது. உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்த ஒரு பள்ளம் உண்டு. பலகை போட்டுக் கடந்து, பிறகு பலகையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

எல்லோரும் மலையில் ஒளியவில்லை. மடகாஸ்கர்காரர்களில் சிலர் கடலைப் பார்த்தார்கள். 1768 முதல் 1770 வரை தீவில் பொறியாளராக இருந்த பெர்னார்தன் தெ சான் பியேர், 1773-இல் வெளியிட்ட பயண நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். திருடிய சிறு தோணியில், உணவும் திசைகாட்டியும் இல்லாமல், தங்கள் நாட்டுக்குப் போய்விடலாம் என்று அவர்கள் கிளம்பினார்கள். மடகாஸ்கர் மேற்கே சுமார் 900 கிலோமீட்டர். படித்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். கடலில் பிறந்தவனுக்கு அப்படித் தோன்றாது. தென்கிழக்குக் காற்று ஆண்டில் பெரும்பகுதி அந்தப் பக்கமாகவே வீசுகிறது. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், அந்தப் பக்கமே இழுக்கிறது. வீடு இருக்கும் திசையை அந்த மனிதர்கள் காற்றை வைத்தே கண்டுகொண்டார்கள். இன்று எங்களைப் போன்றவர்கள் ஒன் ஐ-யில் அஞ்சுகிற அதே காற்றுதான் அவர்களுடைய ஒரே நம்பிக்கை. எத்தனை தோணிகள் நடுக்கடலில் முடிந்தன என்பதற்குக் கணக்கே கிடையாது.

1810-இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு காவல்படை லெ மோர்னுக்கு வந்ததாம். பிடிக்க வருகிறார்கள் என்று எண்ணி உச்சியிலிருந்தவர்கள் குதித்து இறந்தார்களாம். இது வாய்வழியாக வந்த கதை. ஆவணத்தில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பிடிபட்டால் கால் நரம்பை வெட்டுவார்கள் என்று தெரிந்த மனிதர்கள் சீருடையைக் கண்டதும் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை யோசித்தால், கதையின் உண்மை எனக்குப் போதும்.

விடுதலை வந்த விதத்தையும் சொல்லவேண்டும். இழப்பீடு முதலாளிகளுக்குப் போனது; மொரிஷியஸ் முதலாளிகள் பெற்றது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். விடுதலை பெற்றவர்களோ 'பயிற்சி' என்ற பெயரில் 1839 வரை பழைய எசமானிடமே உழைத்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. 1834 நவம்பரிலேயே அட்லஸ் கப்பல் 36 இந்தியக் கூலிகளை இறக்கியிருந்தது. பிறகு சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல் கப்பலாக நம்மவர்கள் போனார்கள்.

லெ மோர்ன் பகுதியில் அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய சேகா ஆட்டத்துக்கு ரவான் என்ற ஆட்டுத்தோல் கருவி வாசிப்பார்கள். வாசிக்கும் முன், பறையைக் காய்ச்சுவது போல அதைத் தீயில் காட்டி இறுக்குவார்கள். அடிமைகளிடம் பிறந்த அந்த ஆட்டத்தை 2014-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலை அதற்கு முன்பே, 2008-இல், உலகப் பாரம்பரியச் சின்னமாகியிருந்தது. அடிமைகள் வந்த இடங்களாக அந்த அறிவிப்பு ஆப்பிரிக்கக் கண்டத்தையும் மடகாஸ்கரையும் தென்கிழக்கு ஆசியாவையும் சொல்கிறது, இந்தியாவையும் சொல்கிறது. 2009-இல் மலையடிவாரத்தில் அடிமை வழித்தட நினைவிடம் திறந்தார்கள். கைட் சர்ஃபிங் கரையிலிருந்து அது தூரமில்லை. காற்றாடிக்குக் காற்றடிக்கும் கூட்டத்தில் அங்கே போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அது எனக்குத் தாங்கவில்லை.

இராமேஸ்வரம் கரையில் பழகி, கை தேறி, லெ மோர்ன் போகத் துடிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். போங்கள், ஒன் ஐ-யில் ஏறுங்கள். அதற்கு முன் நினைவிடத்துக்குப் போய், அந்தச் சிற்பங்கள் முன் நின்று வாருங்கள். பிப்ரவரி 1 அங்கே அரசு விடுமுறை. அன்று அந்த மண்ணின் மக்கள் தம் முன்னோரை நினைக்க மலையடிவாரத்துக்கு வருவார்கள். அன்றைக்கு மட்டும் காற்றாடியைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்களோடு நில்லுங்கள்.