குழந்தைகளின் உணவுப் பழக்கமும் சமூகச் சூழலும்: சின்னாளப்பட்டி

ஒரு குழந்தை எதை விரும்பிச் சாப்பிடும் என்பதை அதன் நாக்கைக் காட்டிலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களே அதிகம் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. தமக்குப் பிடிக்காத காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு நான்கு நாள் மதியம் உட்காரவைத்ததும், மழலைப் பள்ளிக் குழந்தைகள் அந்தக் காயையே எடுக்கத் தொடங்கினர். வயது குறைந்த பிள்ளைகளிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது.

சிறுமலைக்கு மேற்கே உள்ள சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர்போன நெசவு ஊர். கைத்தறி வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஒருவர் நெய்ய, மற்றவர் தார் சுற்ற, பெற்றோர் கண்ணெதிரே இருந்தாலும் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட நேரம் வாய்ப்பதில்லை. அழும் பிள்ளைக்குக் கையில் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புவது எளிது. சரம்சரமாகத் தொங்கும் பொட்டலத் தீனி அங்கே காத்திருக்கிறது. இதற்குத் தாயைக் குறை சொல்வது நியாயமில்லை. கூலியும் வேலை நேரமும் அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

 

வீட்டில் அமையாத கூட்டுச் சாப்பாட்டைத் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி தருகிறது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு என இது வளர்ந்தது. காலை உணவு 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எனக் கிழமைக்கு ஒன்று. உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் காய்கறிச் சாம்பார். வீட்டில் கேரட்டையும் பீன்ஸையும் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளை, வரிசையில் இருபுறமும் எல்லாரும் வழித்துச் சாப்பிடும்போது தானும் விழுங்கிவிடுகிறது. மதியத்தில் முட்டை, அது சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். பசியாற்றும் திட்டமென்றே இது பேசப்படுகிறது. ருசியைப் பழக்கும் பந்தியாகவும் இதைக் கருத வேண்டும்.

பள்ளி வாசலுக்கு வெளியே நிலைமை வேறு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. நெருக்கமான தெருக்கள் கொண்ட ஊர்களில் 50 மீட்டர் என்பது சில வீடுகள் தள்ளி. வீட்டுக்குப் போகும் வழியிலேயே அடுத்த கடை வந்துவிடும்.