நம் பெண்மக்களும் உயர்தரப் படிப்பும்



ஒரு சமூகம் தன் பழைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது பெருமை பேசுதற்கு மட்டுமன்று. செய்யத் தவறியதை அறிந்து இனியேனும் செய்தற்பொருட்டுமாம். அவ்வெண்ணத்துடனேயே நம் பெண்மக்களின் கல்வி வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

நமது திருமங்கலம் கல்விக்குப் புதிய ஊரன்று. அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1842-ல் இவ்வூரிலேதான் தமது செமினரியைத் தொடங்கினர். 1845-ல் அது பசுமலைக்கு மாற்றப்பட்டது. ஆனால் அதிற் பயின்றோர் ஆண்பிள்ளைகளே. பின்னர் 1876-ல் மதுரையினின்று தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட, நம்மூர் வழியே புகைவண்டி ஓடலாயிற்று. வடக்கே மதுரையும் தெற்கே விருதுபட்டியும் அருகாயின. யாருக்கு அருகாயின? பையன் வண்டியேறிச் சென்று படித்து மாலையில் மீளலாம். பெண்ணுக்கோ அவ்விருபது கிலோமீட்டர் கடக்கவொண்ணாத கடலாகவே நின்றது.

நம்மவர் கல்விக்கு ஆற்றிய தொண்டு சிறிதன்று. வியாபாரிகள் மூடைக்கு இவ்வளவு என ஒதுக்கிய மகமையே உறவின்முறையின் பொது நிதியாகித் தருமங்களை நடத்திற்று. 1885-ல் விருதுபட்டியில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலை இவ்வாறு நிறுவப்பெற்றதே. வீடுதோறும் பிடியரிசி திரட்டி அதனை ஆதரித்த செய்தியை நம் பெரியோர் பெருமையுடன் சொல்லுவர். 1910-ல் தோன்றிய நாடார் மகாஜன சங்கமும் கல்வியையே தன் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் இட்ட கை யாருடையது? நம் தாய்மாருடையதன்றோ? அவ்வரிசியால் வளர்ந்த பள்ளியில் முதலில் இடம் பெற்றவர் அவர்தம் புதல்வரே. பெண்களுக்கெனத் தனிப் பள்ளி பின்னரே வந்தது. கொடுத்த கைக்கு எழுத்தறிவு இல்லாது போனமை நம் சரித்திரத்தில் எஞ்சியுள்ள ஒரு கடனாகும்.

பெண்பள்ளிகள் வந்த பின்னும் உயர்தர வகுப்புகள் காலியாகவே கிடந்ததற்குக் காரணம் யாது? புத்திக்குறைவு என்பார் சிலர். அது பொய். ஆரம்ப வகுப்புகளில் நன்கு படித்த சிறுமியே நான்காம் பாரத்தை எட்டுங்காலத்துப் பதின்மூன்று பதினான்கு வயதினளாகிறாள். அவ்வயதிலேயே அவளை வீட்டில் இருத்தினோம். அவ்வயதிலேயே வரன் தேடினோம். 1929-ல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சாரதா சட்டமும் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்றே வரையறுத்தது. சட்டம் அனுமதித்த வயதும் உயர்தரப் படிப்புத் தொடங்கும் வயதும் ஒன்றாயின, படிப்பே தோற்றது. பதினெட்டு என்னும் வரம்பு 1978-லேதான் வந்தது.

இத்தடை நம் வகுப்பாருக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் வயது வந்ததும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டு, வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, சமஸ்தான மன்னரின் அனுமதியே வழி திறந்தது. 1912-ல் அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். குழந்தைப் பருவத்திலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1911-ல் சென்னையில் பி.ஏ. தேறினார். இருவர்க்கும் வாய்த்த துணை யாது? மகள் படிக்கட்டும் என்று ஊர் வாய்க்கு அஞ்சாது நின்ற தந்தையரே. அத்தகைய தந்தை இன்மையால் பெயர் தெரியாமற் போன பெண்கள் எத்துணையரோ!

காலம் மாறியது. 1948-ல் மதுரையில் டோக் பெருமாட்டி கல்லூரியும், 1962-ல் விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் தோன்றின. காமராஜர் ஆட்சியில் 1956-ல் விரிவடைந்த மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. அரசு பின்னாளில் சைக்கிள் தந்தது. 2022-ல் அரசுப் பள்ளிகளிற் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் தொடங்கிற்று. 1951-ல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பதின்மர்கூட இல்லை. 2011-ல் தமிழ்நாட்டில் அது 73-ஐக் கடந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் ஆண்டுதோறும் பெண்களே முந்துகின்றனர். புத்திக்குறைவு என்றோர்க்கு இதினும் தெளிவான மறுமொழி வேண்டுவதில்லை.

ஆயினும் தடை முற்றும் நீங்கிற்று என நாம் மார் தட்டிக்கொள்ளலாகாது. தடை பள்ளி வாயிலை விட்டு வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றது. பணமுடை நேர்ந்தால் மகனுக்குச் சம்பளம் கட்டுகிறோம். மகளுக்கு நகை சேர்க்கிறோம். பரீட்சைக் காலத்திலும் அடுப்படியும் தண்ணீர்க்குடமும் அவளுக்கே. மாலை வகுப்பு முடிந்து இருட்டில் வரவேண்டுமெனில் வகுப்பையே விடச் சொல்கிறோம். நல்ல வரன் வந்ததென்று நடுவில் நிறுத்துகிறோம். இவற்றைச் சர்க்கார் நீக்க இயலாது. நாமே நீக்க வேண்டும்.

ஆகவே நம் அங்கத்தினர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, எடுத்த படிப்பு முடியுமளவும் மகளின் விவாகப் பேச்சை எடாதிருத்தல். இரண்டாவது, வீட்டு வேலையை மகனுக்கும் மகளுக்கும் ஒப்பப் பகிர்தல். மூன்றாவது, நம் பொது நிதியில் ஒரு பங்கைப் பெண்களின் விடுதிச் செலவிற்கும் போக்குவரத்திற்கும் என நிலையாக ஒதுக்குதல்.

அன்று தாய்மார் ஒரு பிடி அரிசி கொடுத்து நம்மைப் படிப்பித்தனர். அக்கடனை அவர்தம் பேத்திகளிடம் தீர்ப்பதே முறை. செய்வோமாக!