ஓர்க் யார் பக்கம்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் அறச்சார்பு விதி

கேரி கைகாக்ஸ் எழுதி 1979-இல் வெளிவந்த ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சாகசம். ஒரு பள்ளத்தாக்கு, அதன் சரிவுகளில் குகைகள், ஒவ்வொரு குகையிலும் ஓர் அரக்கக் கூட்டம். காவலாளிகளை வீழ்த்திவிட்டு உள்ளே நுழைந்தால், ஓர்க் என்னும் அரக்க இனத்தாரின் பொது அறையில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நூலே சொல்கிறது. அவர்களை என்ன செய்வது என்பதை ஆடுபவர்களிடம் விட்டுவிடுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பகடையை வைத்துவிட்டு வாதாடத் தொடங்குவது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

அந்த வாதத்தின் நடுவே நிற்பது ‘அலைன்மென்ட்’ என்னும் அறச்சார்பு விதி. ஒரு பாத்திரம் நல்லதா தீயதா, ஒழுங்கை மதிப்பதா குலைப்பதா என்று தாளில் முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லும் விதி அது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பத்தின் பாதி விளங்கிவிடும். 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற பொம்மைப் படைப்போர் விதிநூலின் கற்பனைப் பகுதியில் ‘ஒழுங்கு’, ‘குலைவு’ என்பவை படைகளை அணி பிரிப்பதற்கான பெயர்கள். எந்த உயிர் எந்தக் கொடியின் கீழ் போரிடும் என்பதே கேள்வி. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் நாவல்களில் இருந்த மோதல் அதற்குப் பின்னணி. 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்ற மூன்றோடு நின்றது. 1976-இல் கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் நன்மை–தீமை என்ற இரண்டாவது அச்சைச் சேர்த்தார். 1978-இன் ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது கட்டங்கள் நிலைபெற்றன. படைப்பிரிவின் பெயராக இருந்தது, மனசாட்சியின் பெயராகிவிட்டது.

இதன் விளைவை ஓர்க்கின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 1974 பட்டியலில் ஓர்க் நடுநிலையிலும் இருக்கிறது, குலைவிலும் இருக்கிறது. 1977-இன் அரக்கர் கையேட்டில் அது ஒழுங்குள்ள தீமை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பெரும்பாலும் குலைவுள்ள தீமை. இடையில் ஓர்க்குகள் எதையும் செய்துவிடவில்லை. பதிப்பாசிரியர்கள் முடிவை மாற்றினார்கள், அவ்வளவே. பிறவிக் குணம் என்று மேசையில் வாதிடப்பட்டது, அச்சுக்குப் போகுமுன் யாரோ எடுத்த தீர்மானம்தான்.

நடத்தையைப் பொறுத்தவரை, அதே விதி கடுமையும் காட்டியது. 1978 விதிப்படி, பாலடின் என்னும் புனித வீரர் தெரிந்தே ஒழுங்கைக் குலைத்தால், ஏழாம் நிலையையோ அதற்கும் மேலான நிலையையோ எட்டிய பூசாரியிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே தீமை செய்தாலோ, அந்தப் பட்டம் நிரந்தரமாகப் போய்விடும். இங்கே எடைபோடப்படுவது செயல். குகைக் குழந்தையின் விஷயத்தில் எடைபோடப்படுவது பிறப்பு. ஒரே விதிநூல் இரண்டு தராசுகளை வைத்திருந்தது.

இது வெறும் விளையாட்டுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2005-இல், சரணடைந்த எதிரிகளைப் பாலடின் கொல்லலாமா என்ற விவாதத்தில் கைகாக்ஸ் ஆம் என்றே வாதிட்டார். அதற்குத் துணையாக, ஈர்தான் வளர்ந்து பேனாகிறது என்னும் பொருளில் கர்னல் ஜான் சிவிங்டனின் பெயரோடு ஒட்டிய ஒரு சொல்லையும் சரியென்றார். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரபாஹோ மக்களின் முகாமைத் தாக்கிய படைக்குத் தலைமை ஏற்றவர் சிவிங்டன். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஓர் இனம் முழுவதன் மேலும் ‘தீயது’ என்று எழுதும் பழக்கம் எந்த வரலாற்றிலிருந்து சொல் கடன் வாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விதியை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நரகத்தின் பிசாசுகளை ஒப்பந்தம் கட்டுகிறது, பாதாளத்தின் பேய்களை எதுவும் கட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை ஒன்பது கட்டங்கள் ஒரே சொல்லில் காட்டிவிடுகின்றன. 1994-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்’ என்னும் ஆட்டக்களத் தொகுப்பு, அறச்சார்புகளையே உலகங்களாகக் கட்டி அழகான கற்பனைகளைத் தந்தது. ஆனால் தீமையாலேயே ஆன ஒரு பேயைப் பற்றிச் சொல்லக்கூடியதை, பிறந்து வளர்ந்து பசித்து அஞ்சும் உயிர்களுக்குப் பொருத்தும்போது விதி உடைகிறது. இரண்டாம் பதிப்பின் நடுநிலைத் துருயிட் (இயற்கைப் பூசாரி) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஊராரோடு சேர்ந்து நோல் என்னும் தீய அரக்கர்களை எதிர்த்துப் போரிடுவார், நோல்கள் அழியும் நிலைக்கு வந்தால், சமநிலைக்காக அணி மாறவும் கூடும். நேற்றுவரை தோளோடு தோள் நின்ற ஊராருக்கு அவர் என்ன பதில் சொல்வார்? அணி பிரிக்கும் விதியை அறமாக்கினால் இப்படித்தான் முடியும்.

பிற்காலப் பதிப்புகள் இந்த முடிச்சைச் சிறிது சிறிதாக அவிழ்த்தன. 2008-இன் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகக் குறைத்தது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் பாலடினைக் கட்டுவது அவர் எடுக்கும் சபதம். தீமையைக் கண்டறியும் மந்திரமும் மனிதரின் உள்ளத்தைக் காட்டுவதில்லை, பேய், தேவர் போன்றவர்கள் அருகில் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. 2020 ஜூனில் ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஓர்க்குகளையும் ட்ரோ என்னும் இருள் எல்ஃப்களையும் பிற மக்களைப் போலவே அறத்திலும் பண்பாட்டிலும் பலவிதமானவர்களாகக் காட்டப்போவதாக அறிவித்தது. 2023-இல் பைசோ நிறுவனம் திருத்தி வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ என்னும் இதே வகை ஆட்டம் இன்னும் துணிந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைப் பயன்படுத்தும் உரிமத்தில் எழுந்த சிக்கலும் ஒரு காரணம்தான். ஆயினும் அறச்சார்பையே நீக்கிவிட்டு, ஒரு பாத்திரம் எதைக் கட்டாயம் செய்யும், எதை ஒருபோதும் செய்யாது என்று எழுதச் சொன்னது.

இந்த வழியே சரி. இதில் வாதம் குறையாது. ஆனால் ‘நீ எந்த இனம்’ என்ற கேள்வி போய், ‘நீ என்ன வாக்குக் கொடுத்தாய், அதைக் காத்தாயா’ என்ற கேள்வி வருகிறது. இதற்குத்தான் ஆடுபவர் பொறுப்போடு பதில் சொல்ல முடியும். பழைய விதிநூலை வைத்து ஆடுபவர்களும் இன்றே இதைச் செய்யலாம். ஒன்பது கட்டங்களை ஆட்டக்காரரின் தாளில் வைத்துக்கொண்டு, பசித்து அஞ்சும் உயிர்களைப் பொறுத்தவரை அரக்கர் கையேட்டின் அறச்சார்பு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.