எச்சரிக்கை ஏட்டில் உறங்கினால்

மின்சாரம் நின்றால் நமக்கு இருட்டுதான். கடுங்குளிரிலோ உயிரே போய்விடும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியது. மின் நிலையங்களும் எரிவாயுச் சாதனங்களும் உறைந்தன. சுமார் 45 இலட்சம் வீடுகளிலும் தொழிலிடங்களிலும் மின்சாரம் நின்றது. 246 பேர் மாண்டதாக மாநில அரசு கணக்கிட்டது.

இது எதிர்பாராததா? இல்லை. 2011ஆம் ஆண்டிலும் குளிரால் மின்சாரம் தடைப்பட்டது. நிலையங்களைக் குளிர் தாங்கும்படி அமைக்க வேண்டுமென அப்போதே விசாரணை அறிக்கை கூறியது. அதை யாரும் கட்டாயமாக்கவில்லை.

2021இல் உயர் அதிகாரிகள் பதவி இழந்தனர். கட்டாயச் சட்டமும் வந்தது. ஆனால், மின் விநியோகத்தை நிர்வகித்த அமைப்பின்மீது வழக்குத் தொடர முடியாதென 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெள்ளம் வருமுன் அணை போடாதவர் எவரென்று கேட்பது மக்களின் உரிமை என்பதை நாம் மறக்கலாகாது.