உழைக்கும் உடலும் உடன்வரும் பாட்டும்: வள்ளைப்பாட்டு முதல் சட்டையில் செருகும் இசைக்கருவி வரை



ஜொகூர் பாருவின் ஹுத்தான் பண்டார் பூங்காவிற்கு விடியற்காலையில் சென்றால், நடப்போரும் ஓடுவோருமாகப் பலரைக் காணலாம். பலருடைய காதுகளில் சிறு கேட்பொறிகள் இருக்கும். ஒருவர் தமிழ்த் திரைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நடப்பார். அவருக்கு முன்னால் செல்பவர் மலாய்ப் பாட்டைக் கேட்பார். பின்னால் வருபவர் சீனப் பாட்டைக் கேட்பார். மூவர் உடலும் ஒரே பாதையில் இயங்குகின்றன. ஆனால் மூவரும் வெவ்வேறு தாளத்தில் அடி எடுத்து வைக்கின்றனர். பூங்காவிலோ பறவைகளின் ஒலியைத் தவிர வேறு பாட்டில்லை.

உடற்பயிற்சிக்குப் பாட்டைத் துணைக்கொள்வது இக்காலத்தின் புதுமை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பிழையானது. உடல் உழைக்கும்போதும் ஆடும்போதும் பாட்டு உடன்வருவது தமிழில் மிகப் பழைய வழக்கு. புதியது யாதெனின், பாடுபவர் வேறு, உழைப்பவர் வேறு என்று ஆனதே. அப்பிரிவு எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், அதனால் மொழி இழந்தது என்ன என்பதும் இவ்வுரையின் பொருள்.

செயலால் பெயர்பெற்ற பாட்டுகள்

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் உள்ள வாழ்த்துக் காதையில் நால்வகைப் பாட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன: அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு. இப்பெயர்களை ஒரு மொழியியலாளன் கண்கொண்டு நோக்குக. இவற்றுள் ஒன்றுகூடப் பாட்டின் பொருளாலோ பாடிய புலவராலோ பெயர்பெறவில்லை. காய்களை எறிந்து பிடித்தல், பந்தடித்தல், ஊஞ்சலாடுதல், உலக்கையால் குற்றுதல் என்று உடலின் செயலே பாட்டுக்குப் பெயராயிற்று. கந்துகம் என்பது பந்து. ஆகவே கந்துக வரி, ஓடியும் குனிந்தும் பந்தடிக்கும் மகளிர் தம் மூச்சினூடே பாடும் பாட்டு. உடற்பயிற்சிக்கு உரிய இசை என்று இன்று நாம் சொல்வதன் நேர் மூதாதை அதுவே.

மாணிக்கவாசகரும் இம்மரபையே பக்திக்கு ஆக்கினார். திருப்பொற்சுண்ணம் சுண்ணம் இடிக்கும் பாட்டு, திருப்பொன்னூசல் ஊஞ்சற்பாட்டு, திருவம்மானை அம்மானையாட்டத்தின் பாட்டு. இலக்கணமும் இவ்வியக்கத்தை அறிந்திருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் ஒழுகு, தூங்கல், உருட்டு, முடுகு என்பன உள்ளன. ஒழுகுவதும் உருள்வதும் முடுகிச் செல்வதும் உடலுக்கும் உரியன, ஓசைக்கும் உரியன. ஓசையின் நடைக்குப் பெயர் தேடிய இலக்கணம் அதனை இயக்கத்தைக் குறிக்கும் சொற்களிலிருந்தே எடுத்துக்கொண்டது.

இப்பாட்டுகள் களைப்பை மறக்கச் செய்தன என்பது பாதியுண்மையே. ஏற்றப்பாட்டு, இறைத்த சால்களின் எண்ணிக்கையைப் பாட்டின் அடிகளிலேயே வைத்து எண்ணியது. அது வேலையின் கணக்கேடு. நடவுப்பாட்டு வரிசையில் நிற்கும் பெண்களின் கைகளை ஒரே வேகத்தில் நிறுத்தியது. கம்பரைப் பற்றிய செவிவழிக் கதையொன்று உண்டு. ஏற்றமிறைப்பவன் ஓர் அடியைப் பாடி, அன்றைய வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டான். அடுத்த அடி எவ்வாறு அமையும் என்று எண்ணியெண்ணிப் பார்த்தும் விளங்காத கம்பர், மறுநாட் காலையில் மீண்டும் வந்து காத்திருந்து கேட்டாராம். கதை உண்மையோ அன்றோ, அது உணர்த்தும் செய்தி உண்மை: வேலை நின்றால் பாட்டும் நிற்கும்.

தோட்டத்தில் நிகழ்ந்த பிரிவு

கையில் எடுத்துச் செல்லும் இசைக்கருவிதான் கூட்டுப்பாட்டைக் கொன்றது என்று சிலர் கூறுவர். ஜொகூரின் வரலாறு அதனை ஏற்கவில்லை. தமிழகத்து வயலிலிருந்து இங்குள்ள ரப்பர்த் தோட்டத்திற்கு வந்த நம் முன்னோரின் வேலைமுறையே முதலில் மாறியது. நடவு பலர் ஒரே வரிசையில் நின்று செய்யும் வேலை. பால்மரம் சீவுவது அவ்வாறன்று. இருள் பிரியாத நேரத்தில் பெரட்டுக்கு எல்லோரும் கூடுவர். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்குப் பிரிந்து செல்வர். வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும். ஆதலால் ஒருவர் சில நூறு மரங்களை விரைந்து சீவி முடிக்க வேண்டும். ஒரு மரத்தில் உளி படும். மங்கு நிமிர்த்தி வைக்கப்படும். உடனே அடுத்த மரத்திற்குக் கால் நகரும். அருகே எதிர்ப்பாட்டுப் பாட ஆளில்லை.

எனவே தோட்டத்து மக்களின் பாட்டில் கூட்டாகச் செய்யும் வேலையின் தாளம் தளர்ந்து, தனிக்குரலின் தாலாட்டும் ஒப்பாரியும் ஏக்கமும் எள்ளலும் மேலோங்கியதில் வியப்பில்லை. உழைப்பு முதலில் தனிமைப்பட்டது. பாட்டு அதனைப் பின்தொடர்ந்தது. கருவி இறுதியாகத்தான் வந்தது.

அக்கருவியின் வரலாற்றில் ஜொகூருக்கு ஒரு முதன்மை உண்டு. 1921இல் ஜொகூர் அரசின் மின்துறை ஆய்வாளராக இருந்த ஏ. எல். பர்ச் இந்நாட்டுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். வானொலி ஆர்வலர்க்கு இங்கே ஒரு சங்கமும் அமைத்தார். ஆனால் அக்காலப் பெட்டி வெற்றிடக் குழாய்களால் ஆனது; மேசையை விட்டு நகராதது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் உருவானபின், 1954இல் ரீஜென்சி டிஆர்-1 என்னும் சட்டைப்பை வானொலி விற்பனைக்கு வந்தது. பாட்டு முதன்முறையாக மனிதனோடு நடக்கத் தொடங்கியது. மக்கள் வழக்கில் அது பாட்டுப்பெட்டி ஆயிற்று. எனினும் வானொலி பொதுவுடைமை. ஒரு வீட்டில் ஒலித்தால் பக்கத்து வீடும் கேட்டது.

பதிவு செய்யும் வாயை இழந்த கருவி

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தது. அப்பேழைக்கு உரிய பதிவுக் கருவிகள் இருவழிக் கருவிகள். கேட்கவும் செய்தன, பதியவும் செய்தன. 1979 ஜூலை 1இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது இவ்விருவழி ஒருவழி ஆயிற்று. செய்தியாளர்க்கென்று அந்நிறுவனம் முன்பே செய்திருந்த பிரஸ்மேன் என்னும் சிறு பதிவுக் கருவியை எடுத்து, பதிவு செய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் நீக்கி, இருசெவி இசைக்கு வழிசெய்து உருவாக்கியதே வாக்மேன். பதிவு செய்யாத கருவியை யார் வாங்குவார் என்று நிறுவனத்துக்குள்ளேயே ஐயம் இருந்தது. மக்கள் வாங்கினர். கருவியின் வாய் அடைபட்டது. செவி மட்டும் எஞ்சியது.

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. தனியே ஒருவர் கேட்பது உடனிருப்பவரைப் புறக்கணிப்பதாகும் என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரித்தா அஞ்சினார். ஆதலால் முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு துளைகள் இருந்தன. இசையைத் தாழ்த்தி ஒருவரோடொருவர் பேசுதற்கு ஒரு விசையும் இருந்தது. மக்கள் அவற்றை வேண்டவில்லை. பின்வந்த கருவிகளில் அவை மறைந்தன. பெயரும் நிலையின்றி அலைந்தது. அமெரிக்காவில் சவுண்டபௌட், பிரிட்டனில் ஸ்டோஅவே, சுவீடனில் ஃபிரீஸ்டைல் என்று விற்கப்பட்ட கருவி, இறுதியில் ஜப்பானியர் ஆக்கிய ஆங்கிலச் சொல்லான வாக்மேன் என்பதாலேயே உலகெங்கும் அறியப்பட்டது. 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் அதனை ஏற்றது. வழக்கே மொழியின் வேந்து என்பதற்கு இது நல்ல சான்று.

ஓடுவோரும் உடற்பயிற்சி செய்வோரும் இக்கருவியை விரைந்து ஏற்றனர். இசை உடலை ஊக்கும் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. 1911இல் லியோனார்ட் அயர்ஸ், நியூயார்க்கில் நிகழ்ந்த ஆறு நாள் மிதிவண்டிப் பந்தயத்தை ஆராய்ந்து, இசைக்குழு முழங்கிய பொழுதுகளில் வீரர்கள் விரைந்து சென்றனர் என்று எழுதினார். 2007இல் அமெரிக்கத் தடகள அமைப்பு பந்தயங்களில் காதுக் கேட்பொறிகளைத் தடைசெய்தது. பின்னர்ப் பரிசுக்காக ஓடாதவர்க்கு அவ்விதியைத் தளர்த்தியது. ஏற்றமிறைத்த உழவன் அறிந்திருந்ததைப் பந்தய நடுவர்களும் அறிந்தனர்.

திரையில்லாக் கருவியும் பதினான்கு மொழிகளும்

ஒலிநாடாவும் குறுந்தட்டும் ஓடுபவரின் அதிர்வில் தடுமாறக் கூடியவை. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் வளர்த்த ஒலிச்சுருக்க முறைக்கு 1995இல் எம்பி3 என்னும் கோப்புப் பெயரீறு உறுதியாயிற்று. சுழலும் உறுப்பில்லாத நினைவகச் சில்லில் பாட்டை அடைக்க இயன்றது. நம் கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. கருவியில் பாட்டுகளைத் தேடும் முறைக்கு அது பெற்ற காப்புரிமையின் பொருட்டு, 2006இல் ஆப்பிள் நிறுவனம் அதற்கு 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அதே ஆப்பிள் நிறுவனம் 2005 ஜனவரியில் வெளியிட்ட ஐபாட் ஷஃபிள், எளிமையின் எல்லையைத் தொட்டது. எடை 22 கிராம், திரை இல்லை, 512 மெகாபைட் நினைவகத்தில் ஏறத்தாழ 120 பாடல்கள். 2006இல் வந்த அடுத்த வடிவம் சட்டையில் செருகும் கவ்வியோடு அமைந்தது. எழுத்தே காட்டாத அக்கருவியின் முன் எல்லா மொழிகளும் நிகராயின. திரையுள்ள கருவிகள் பலவற்றில் தமிழ்ப் பெயர்கள் கட்டங்கட்டமாகச் சிதைந்து தோன்றிய காலம் அது. ஷஃபிளிலோ சிதைவதற்கு எழுத்தே இல்லை.

2009இல் வந்த மூன்றாம் வடிவம் பேசத் தொடங்கியது. பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் 14 மொழிகளில் காதில் சொன்னது. அவற்றுள் கிரேக்கம் இருந்தது, செக் இருந்தது, சுவீடிஷ் இருந்தது, தமிழ் இல்லை. நம் பாட்டின் பெயரைப் பிறிதொரு மொழியின் ஒலிப்பில்தான் அது சொல்ல இயலும். அங்கே ழகரமும் ளகரமும் வேறுபாடிழந்து போகும். ஊமையாக இருந்தவரை நமக்கும் உரியதாக இருந்த கருவி, வாய் திறந்த அன்று அயலாயிற்று. 2017 ஜூலையில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. கைப்பேசி அதன் இடத்தைப் பிடித்தது.

எஞ்சியிருக்கும் கடமை

களப்பணிக் காலத்தில் இம்மாநிலத்துத் தோட்டமொன்றில் மூதாட்டி ஒருவரைக் குற்றுப்பாட்டுப் பாடுமாறு வேண்டினேன். நாற்காலியில் அமர்ந்தவருக்கு முதலடிக்கு மேல் வரவில்லை. "உலக்கை இல்லாம அடி வராது, தம்பி" என்றார். பிறகு ஒரு மூங்கிற்கழியை எடுத்து நின்று தரையில் இடிக்கத் தொடங்கினார். இடைவிடாது பாட்டு வந்தது. அன்று ஒன்று கற்றேன்: அப்பாட்டு அவர் நினைவில் இல்லை, தோளில் இருந்தது.

அப்பாட்டைப் பதிந்த ஒலிநாடாவை நான் உரிய காலத்தில் படியெடுக்கவில்லை. நம் நாட்டு ஈரக்காற்றில் அதில் பூஞ்சை படிந்தது. பின்னாளில் ஓட்டிப் பார்த்தபோது கழி இடிக்கும் ஓசை கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. தாளம் எஞ்சி மொழி அழிந்த அந்த நாடா என் அலமாரியில் இன்றும் இருக்கிறது. இழப்பு என்னுடையதன்று, தமிழுடையது. பிழையோ என்னுடையது.

ஓடுபவர் காதிலிருந்து கேட்பொறியைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனியே நடப்பவர்க்குத் துணையாகப் பாட்டு வருவது நன்றே. நிரையில் தனித்து நின்ற நம் முன்னோர்க்கு அத்துணையும் கிட்டவில்லை. நான் வேண்டுவது ஒன்றே. வாக்மேனில் நீக்கப்பட்ட பதிவு வாய், இன்று நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மீண்டும் வந்திருக்கிறது. வீட்டில் தோட்டத்து வாழ்வை அறிந்த முதியவர் ஒருவர் இருந்தால், அவரை நாற்காலியில் அமர்த்தாதீர்கள். அம்மியோ முறமோ தொட்டிலோ, அவர் கை அறிந்த ஒன்றைக் கொடுங்கள். கை இயங்கட்டும், பாட்டு வரும். அதைப் பதிந்து, அன்றே இரண்டு படிகள் எடுத்து வையுங்கள். நாளைக் காலை நடைக்குச் செல்லும்போது, அப்பாட்டையும் ஒருமுறை கேட்டுக்கொண்டு நடங்கள்.