துணி அணையாடை

துணி அணையாடை என்பது கைக்குழந்தைகளின் சிறுநீரையும் மலத்தையும் ஏற்பதற்காக இடுப்பில் கட்டப்படும், துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய துணியாகும். பேச்சு வழக்கில் இது நாப்பி, நாப்கின், டயாப்பர் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அணையாடைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவுவதற்கு முன்னர் பெரும்பாலான நாடுகளில் துணியே பயன்பட்டது. எறியும் அணையாடைகளால் பெருகும் குப்பை, அவற்றின் விலை ஆகிய காரணங்களால் துணி அணையாடைகள் மீண்டும் கவனம் பெற்றுள்ளன.

தமிழர் வழக்கம்

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கெனத் தனியாகத் துணி வாங்கும் வழக்கம் குறைவு. பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டியையோ சேலையையோ சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சிடுவர். புதுத்துணியின் கஞ்சியும் விறைப்பும் குழந்தையின் தோலை உறுத்தும் என்பதால் பழந்துணியே விரும்பப்பட்டது. புதுப் பருத்தித் துணி சில முறை துவைத்த பின்னரே நன்கு ஈரம் உறிஞ்சும் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். பகலில் வீட்டிலிருக்கும்போது எதுவும் கட்டாமல் விடுவதும், குறித்த நேரங்களில் தாய் தன் கால்களின் மீது குழந்தையை அமர்த்தி மலம் கழிக்கச் செய்வதும் உண்டு. சீனாவில் குழந்தைகளுக்கு அணிவிக்கப்படும் கவட்டில் திறப்புள்ள கால்சட்டையும் இத்தகைய பழக்கத்தோடு தொடர்புடையதே.

வரலாறு

மேலை நாடுகளில் சதுரத் துணியை மடித்து ஊக்கால் குத்தும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. இன்றைய வடிவிலான ஊக்குக்கு அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1849 இல் காப்புரிமை பெற்றார். துணி நனைந்தால் படுக்கையும் நனையும் என்பது இம்முறையின் பெருங்குறை. இறப்பர் மேலுறைகள் ஈரத்தைத் தடுத்தாலும் தோலைப் புண்ணாக்கின. மேரியன் டோனோவன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1946 இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, துணி அணையாடையின் மேல் அணிவிக்கும் நீர்புகா உறை ஒன்றைச் செய்தார். பின்னர் வான்குடை செய்யப் பயன்படும் நைலான் துணியைக் கையாண்டு, ஊக்குகளுக்கு மாற்றாக அழுத்துப் பொத்தான்களைப் பொருத்தினார். 'போட்டர்' எனப் பெயரிடப்பட்ட இவ்வுறை 1949 இல் நியூயார்க் கடையொன்றில் விற்பனைக்கு வந்தது. 1951 இல் காப்புரிமையும் கிடைத்தது.

புராக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் பாம்பர்சு என்னும் எறியும் அணையாடையை 1961 இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் சோதனை முறையில் விற்றது. ஒன்று 10 சென்ட் என்ற விலை அதிகமெனக் கருதப்பட்டதால் முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. விலை குறைந்த பின்னரே அது பரவியது. 1980களில் தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரை ஈர்த்துக் கூழாக மாறும் சோடியம் பாலிஅக்ரிலேட் சேர்க்கப்பட்டதும் எறியும் அணையாடைகள் மெல்லியனவாயின.

வகைகள்

மிக எளியது தட்டையான சதுரத் துணி. விரைவில் காய்வதும் எந்த அளவுக் குழந்தைக்கும் மடித்துக் கட்ட இயல்வதும் இதன் சிறப்பு. நடுப்பகுதி தடிப்பாக இருக்குமாறு முன்னரே மடித்துத் தைத்தவை, உடல் வடிவில் தைத்தவை, உறிஞ்சும் திண்டைச் செருகிக்கொள்ளும் பையுடையவை, உறையும் திண்டும் ஒன்றாக இணைந்தவை எனப் பிற வகைகளும் உள்ளன. கடைசி வகை அணிவிக்க எளிது. ஆனால் காய நெடுநேரமாகும். நீர்புகா உறைகள் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய பாலியெசுத்தர் துணியால் ஆனவை. உறிஞ்சும் பகுதி பருத்தி, சணல், மூங்கில் கூழிழை, நுண்ணிழை ஆகியவற்றால் செய்யப்படுகிறது. நுண்ணிழை தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடுவதால் நேரடியாகத் தோலில் படுமாறு வைக்கக்கூடாது.

பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை மாற்ற வேண்டியிருக்கும். எனவே இரண்டு நாட்களுக்கு ஒருமுறை துவைப்போருக்கு ஏறத்தாழ 20 முதல் 24 துணிகள் தேவைப்படும்.

துவைத்தல்

மலத்தைக் கழிப்பறையில் தட்டிய பின், துணியை முதலில் வெறும் நீரிலும் அடுத்துச் சலவைத்தூள் இட்ட நீரிலும் அலசுவது வழக்கம். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைகளின் மேல் படிந்து உறிஞ்சுதிறனைக் குறைப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். கடின நீரில் சலவைத்தூள் சரியாக நுரைக்காது. துணியும் விறைத்துப் போகும். ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள ஊர்களில் இது பெருந்தொல்லை. வெயிலில் உலர்த்துவதால் கறை மங்குவதோடு நுண்ணுயிர்களும் குறைகின்றன. நீர்புகா உறைகளைக் கொதிக்க வைத்தாலோ இசுத்திரி போட்டாலோ அவற்றின் பூச்சு கெடும்.

சூழல் தாக்கம் பற்றிய ஆய்வுகள்

துணியே சூழலுக்கு உகந்தது என்னும் பொதுக்கருத்து விரிவாகச் சோதிக்கப்பட்ட நாடு ஐக்கிய இராச்சியம் ஆகும். இங்கிலாந்து, வேல்சு பகுதிகளுக்கான சுற்றுச்சூழல் முகமை 2005 இல் வெளியிட்ட வாழ்க்கைச்சுழற்சி ஆய்வு, இருவகைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. துணி பயன்படுத்தும் பெற்றோரில் மிகச் சிலரின் பழக்கங்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டதென இது கண்டிக்கப்பட்டது.

2008 இல் வெளியான திருத்திய ஆய்வின்படி, ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் எறியும் அணையாடைகளால் சுமார் 550 கிலோகிராமும், துணி அணையாடைகளால் சுமார் 570 கிலோகிராமும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வளிமங்கள் வெளிப்படுகின்றன. எனினும் இவ்வாய்வின் முதன்மையான முடிவு வேறு. எறியும் அணையாடையின் தாக்கத்தில் பெரும்பகுதி உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. துணியின் தாக்கத்தையோ துவைப்பவரே பெரிதும் தீர்மானிக்கிறார். இயந்திரம் நிறையத் துணியிட்டுத் துவைத்து, எப்போதும் கொடியில் உலர்த்தி, அதே துணிகளை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் தாக்கம் 40 விழுக்காடு குறையும். 60 பாகை செல்சியசுக்குப் பதில் 90 பாகையில் துவைத்து, எப்போதும் உலர்த்தி இயந்திரத்தில் காயவைத்தால் அது 75 விழுக்காடு கூடும். எப்போதும் வெளியில் உலர்த்துவது பிரித்தானியத் தட்பவெப்பத்தில் இயலாது எனினும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டது என்று அவ்வறிக்கையே கூறுகிறது. குளிர்ந்த நீரில் கையால் துவைத்து மொட்டைமாடியில் உலர்த்தும் வீடுகளுக்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தா.

2023 இல் வெளியான அரசு ஆய்வில் இந்நிலை மாறியது. அதன்படி இரண்டரை ஆண்டுக் காலத்தில் துணியால் சுமார் 345 கிலோகிராமும் எறிபவற்றால் சுமார் 457 கிலோகிராமும் வெளிப்படுகின்றன. அதாவது துணியின் வெப்பமாதல் தாக்கம் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு.

நீர் வேறொரு கணக்கு. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, குடத்தில் நீர் பிடித்த வீடுகளில் நாள்தோறும் துணிகளை அலசுவது எளிதன்று. துவைக்கும் வேலை பெரும்பாலும் தாயின் மீதோ பாட்டியின் மீதோ விழுகிறது என்பதையும் மேற்கண்ட ஆய்வுகளின் கிலோகிராம் கணக்கு காட்டாது.

உடல்நலம்

அணையாடைத் தடிப்பு என்னும் தோல் அழற்சிக்கு ஈரமும் மலமும் தோலில் நெடுநேரம் படுவதே முதன்மைக் காரணம். துணி உடனே நனைந்தது தெரிவதால் விரைவில் மாற்றப்படும். மாற்றாமல் விட்டால் எறிபவற்றை விடத் துணியில் தோல் அதிகம் நனைந்திருக்கும். சில நாட்களில் ஆறாத தடிப்பு பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கழிவு

எறியும் அணையாடையில் மரக்கூழ், நெகிழி, உறிஞ்சு பல்லுறுப்பி, மலம் ஆகியவை ஒன்றாகக் கலந்திருப்பதால் அதனை மட்கவைப்பதும் மறுசுழற்சி செய்வதும் கடினம். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு இவற்றைத் தடைசெய்யும் திட்டத்தை 2019 இல் அறிவித்தது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய அணையாடைகளை உற்பத்தியாளர் தரும் உறையிலோ தகுந்த வேறு உறையிலோ பாதுகாப்பாகச் சுற்றி, மட்காத குப்பைக்கான தொட்டியில் இட வேண்டும் என்றன. சுற்றாமல் வீசப்படும் அணையாடைகளைக் குப்பையிலிருந்து கையால் பிரித்தெடுப்போர் துப்புரவுப் பணியாளர்களே.