ஊக்கு விற்றவர் தவறவிட்ட மெஷின்

பட்டன் அறுந்த அவசரத்துக்கு நாம குத்திக்கொள்ளும் ஊக்குக்கும் ஒரு காலத்தில் பேட்டன்ட் இருந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த வால்டர் ஹன்ட் 15 டாலர் கடனை அடைக்க ஒரு கம்பித்துண்டை வளைத்துப் பார்த்து உருவாக்கியது அது. 1849 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். 400 டாலருக்கு விற்றும்விட்டார்.

இதைக் கேட்டதும் எல்லாரும் "அய்யோ பாவம்" என்பார்கள். அவருடைய பெரிய நஷ்டம் ஊக்கு இல்லை, தையல் மெஷின்.

கையால் தைக்கிற ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். ஹன்ட் அதை முனைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஊசி துணியைக் குத்தி இறங்கும்போது கீழே ஒரு வளையம் விழும்; அதற்குள் இன்னொரு நூலோடு ஓடம் புகுந்து வெளியேறும். இரண்டு நூலும் கோத்துக்கொள்ளும். இன்றைக்கும் தையல் கடையில் ஓடுவது இதே பூட்டுத் தையல்தான். 1834 வாக்கிலேயே இதைச் செய்து முடித்தவர், காப்புரிமை கேட்கவில்லை. கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களின் வேலை போய்விடும் என்று அவர் மகள் தடுத்ததாக ஒரு கதை உண்டு. நான் அதை நம்ப விரும்புகிறேன்.

மெஷின் அப்படியே தூங்கியது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கினார். வாங்கத்தான் ஆள் இல்லை. இங்கிலாந்து போய் நொந்து, அந்தக் காப்புரிமைப் பத்திரத்தையே அடகு வைத்துத்தான் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால், பலர் அவர் ஊசியை வைத்து மெஷின் விற்றுக்கொண்டிருந்தார்கள்; பிறகு ஐசக் சிங்கரும் அதில் சேர்ந்துகொண்டார். வழக்கு போட்டார். சிங்கர் தரப்பு ஹன்டைத் தேடிப்பிடித்து "இவர்தான் முதலில்" என்றது. உண்மைதான். ஆனால் இத்தனை வருஷம் சும்மா விட்டவருக்கு உரிமை கிடையாது என்றாகி, 1854இல் ஹோவ் ஜெயித்தார்.

அடுத்த சிக்கல்தான் சுவாரஸ்யம். ஊசி ஒருவரிடம், துணியை நகர்த்தும் அமைப்பு இன்னொருவரிடம். மற்றவர் உரிமையைத் தொடாமல் யாராலும் முழு மெஷின் செய்ய முடியாது. எல்லாரும் எல்லார் மீதும் வழக்கு. 1856இல் ஹோவும் மூன்று கம்பெனிகளும் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். வெளியாள் ஒரு மெஷினுக்கு 15 டாலர் கட்டினால் போதும், எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதே சமயத்தில் சிங்கர் கம்பெனி தவணை முறையைக் கொண்டுவர, மெஷின் வீட்டுக்குள் வந்தது. காப்புரிமைதான் மெஷினை வளர்த்தது என்று மொட்டையாகச் சொல்ல எனக்குத் தயக்கம். பணம் போட ஆள் வந்தது அதனால். நடுவில் எல்லாம் முடங்கியதும் அதனால்.

ஹோவ் கோடீஸ்வரர் ஆனார். 1867இல், உரிமை காலாவதியான சில வாரங்களில் இறந்துபோனார். ஹன்டுக்கும் 50,000 டாலர் தர சிங்கர் 1858இல் ஒப்புக்கொண்டார். பணம் கைக்கு வருவதற்குள், 1859இல், ஹன்ட் போய்ச் சேர்ந்துவிட்டார்.